தரவு விளக்கப்படங்களை மறுவடிவமைத்தல்

தரவு விளக்கப்படங்களை மறுவடிவமைத்தல் என்பது, ஏற்கெனவே வரையப்பட்ட ஒரு விளக்கப்படத்தை, அதன் அடிப்படைத் தரவை மாற்றாமல், அதிலுள்ள செய்தி பார்ப்பவரை எளிதாகவும் பிழையின்றியும் சென்று சேரும்படி மீண்டும் வரைவதாகும். பட்டை விளக்கப்படம், வட்ட விளக்கப்படம், கோட்டுப்படம், நிறங்களால் நிரப்பிய நிலப்படம் முதலிய எல்லா வகைகளுக்கும் இது பொருந்தும். பார்வைக் குறைபாடு உடையோர், சில நிறங்களைப் பிரித்தறிய இயலாதோர், கைபேசியின் சிறிய திரையில் படிப்போர், கருப்பு வெள்ளை நகல் மட்டுமே கையில் உள்ளோர் ஆகியோருக்கும் அதே செய்தி கிடைக்கச் செய்வது இப்பணியின் மறுபாதி ஆகும். இது அணுகுதன்மை எனப்படுகிறது.

மறுவடிவமைப்பைப் பலர் அலங்கார வேலை என்று எண்ணி, நிறத்தையும் எழுத்துருவையும் மாற்றுவதிலிருந்து தொடங்குகின்றனர். உண்மையில் முதலில் முடிவு செய்ய வேண்டியது ஒரு கேள்வி: இப்படத்தைப் பார்ப்பவர் எதற்கு விடை காண வேண்டும்? அது தெளிவானால் எந்த வகைப் படம், எந்த வரிசை, எந்த நிறம் என்பவை பெரும்பாலும் தாமாகவே அமைந்துவிடும்.

முன்னோடிகள்

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் பிளேஃபேர் 1786-இல் வெளியிட்ட 'தி கமர்ஷியல் அண்ட் பொலிட்டிக்கல் அட்லஸ்' என்னும் நூலில் வணிகத் தரவைக் கோட்டுப்படங்களாக வரைந்தார். ஸ்காட்லாந்தின் ஏற்றுமதி இறக்குமதிக்கு மட்டும் அவரிடம் ஓராண்டுக்கான கணக்கே இருந்தது. ஆண்டுகள் தொடர்ச்சியாக இல்லாததால் கோடு வரைய முடியவில்லை. எனவே நாட்டுக்கு நாடு ஒப்பிடும் வகையில் பட்டைகளாக வரைந்தார். இன்று பள்ளிப் பாடத்தில் உள்ள பட்டை விளக்கப்படம் இப்படிப் பற்றாக்குறையில் பிறந்ததே. வட்ட விளக்கப்படமும் அவருடையதே. அது 1801-இல் வெளிவந்தது.

வரைந்ததைத் தாமே திருத்தி வரைந்தவர்களில் புகழ்பெற்றவர் செவிலியர் புளோரன்ஸ் நைட்டிங்கேல். கிரீமியப் போரில் பிரித்தானியப் படைவீரர்கள் காயத்தால் இறந்ததைவிட நோயால் இறந்ததே மிகுதி என்பதை அவர் அரசுக்கு உணர்த்த வேண்டியிருந்தது. அவருடைய முதல் வகைப் படத்தில், ஒரு மையத்திலிருந்து மாதத்துக்கு ஒரு கோடு புறப்படும். கோட்டின் நீளம் இறப்பு வீதத்தைக் குறிக்கும். கோடுகளின் முனைகளை இணைத்தபோது வௌவாலின் சிறகு போன்ற உருவம் கிடைத்தது. இதில் ஒரு சிக்கல் உண்டு. கண் கோட்டை மட்டும் பார்ப்பதில்லை, உள்ளே அடைபட்ட பரப்பையும் சேர்த்தே பார்க்கிறது. நீளம் 2 மடங்கானால் பரப்பு ஏறத்தாழ 4 மடங்காகும். ஆகவே பெரிய எண்கள் உண்மையைவிடப் பெரிதாகத் தோன்றும்.

1858-இல் வெளிவந்த, ரோஜா வடிவம் என்று இன்று அழைக்கப்படும் படத்தில் இக்குறை நீங்கியது. அதில் ஒவ்வொரு மாதமும் ஓர் ஆப்பு வடிவம். ஆப்பின் பரப்பே இறப்பைக் குறிக்கிறது. தடுத்திருக்கக்கூடிய நோய்கள் நீலம், காயங்கள் சிவப்பு, பிற காரணங்கள் கருப்பு. 1854 ஏப்ரல் முதல் 1855 மார்ச் வரை ஒரு ரோஜா, அடுத்த 12 மாதங்களுக்கு மற்றொன்று. 1855 மார்ச்சில் சுகாதாரக் குழு அங்கு சென்ற பிறகு நீலப் பரப்பு சுருங்குவதை இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் காணலாம்.

இப்படத்தையே இன்று பலர் பட்டை விளக்கப்படமாக மாற்றி வரைகின்றனர். 24 மாதங்களும் ஒரே அடிக்கோட்டில் நிற்பதால் மாத ஒப்பீடு எளிதாகிறது, ஐயமில்லை. ஆனால் அமைச்சர்களை நிமிர்ந்து பார்க்க வைத்தது அந்த வினோதமான ரோஜாதான். எண்களை நுட்பமாக ஒப்பிட வேண்டியவருக்குப் பட்டையும், முதன்முறை பார்ப்பவரை நிறுத்தி வைக்க ரோஜாவும் உதவும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

விடுபட்ட புள்ளிகள்: சேலஞ்சர்

சில படங்களில் குறை வடிவத்தில் இருப்பதில்லை. படத்துக்குள் வராமல் போன தரவில் இருக்கிறது. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்ணோடம் புறப்பட்ட 73 நொடிகளில் சிதைந்து, அதிலிருந்த 7 பேரும் இறந்தனர். பக்கவாட்டு ராக்கெட்டின் இணைப்பை அடைத்து வைக்க வேண்டிய ரப்பர் வளையங்கள் தம் வேலையைச் செய்யாமல் சூடான வாயு கசிந்ததே காரணம். குளிரில் ரப்பர் விறைத்துவிடும் என்பதால், முந்தைய இரவு நடந்த தொலைபேசிக் கூட்டத்தில் ராக்கெட் நிறுவனத்தின் பொறியாளர்கள் ஏவுதலை எதிர்த்தனர். தம் வாதத்துக்கு ஆதாரமாகக் கையெழுத்திலான அட்டவணைகளையும் படங்களையும் தொலைநகலில் அனுப்பினர்.

அந்த வாதத்தில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. வளையம் பழுதான ஏவுதல்களை மட்டும் எடுத்துக்கொண்டால், 53 பாரன்ஹீட்டில் (சுமார் 12 செல்சியஸ்) ஒன்றில் பழுது, 75 பாரன்ஹீட்டில் (சுமார் 24 செல்சியஸ்) ஒன்றிலும் பழுது. குளிரிலும் நடக்கிறது, வெயிலிலும் நடக்கிறது. அப்படியானால் வெப்பநிலைக்கும் பழுதுக்கும் தொடர்பில்லை என்று எதிர்த்தரப்பு சொல்ல இடமுண்டானது.

பின்னர் விசாரித்த ரோஜர்ஸ் ஆணையம், பழுதே இல்லாத ஏவுதல்களையும் அதே படத்தில் சேர்த்தது. காட்சி தலைகீழானது. 66 பாரன்ஹீட்டும் அதற்கு மேலும் நடந்த 20 ஏவுதல்களில் 3-இல் மட்டுமே வளையத்தில் பழுது; 63 பாரன்ஹீட்டும் அதற்குக் கீழும் நடந்த 4 ஏவுதல்களில் நான்கிலும் பழுது. சேலஞ்சர் ஏவப்பட்ட நேரத்தில் காற்றின் வெப்பநிலை 36 பாரன்ஹீட், அதாவது சுமார் 2 செல்சியஸ். புதிதாக எந்தச் சோதனையும் செய்யாமல், எதுவும் நிகழாத நாள்களைப் புள்ளிகளாக வைத்ததிலேயே இவ்வளவு தெரிந்தது.

அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் எட்வர்ட் டஃப்டி 1997-இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக ஆராய்ந்து, ஏவுதல்களைத் தேதி வரிசையில் அடுக்காமல் வெப்பநிலை வரிசையில் அடுக்கித் தாமே ஒரு படம் வரைந்து காட்டினார். அதை அப்படியே ஏற்க முடியாது என்று அன்றைய பொறியாளர் ரோஜர் பாய்ஜோலியும் சிலரும் 2002-இல் மறுப்பு எழுதினர். டஃப்டி காற்றின் வெப்பநிலையையும் வளையத்தின் வெப்பநிலையையும் ஒன்றாகக் குழப்பிவிட்டார், அன்றிரவு பொறியாளர்களிடம் அந்தத் தரவு முழுமையாக இல்லை என்பன அவர்கள் வாதங்கள். மறுப்பில் நியாயம் இருக்கிறது. நடந்து முடிந்த பின் அமைதியாக அமர்ந்து வரைபவருக்கு, எந்தத் தரவைத் தேட வேண்டும் என்பது முன்பே தெரிந்திருக்கிறது. கூட்டத்தில் பொறியாளரின் எச்சரிக்கையைப் புறந்தள்ளிய மேலாளர்களின் பொறுப்பையும் படத்தின் தலையில் கட்டிவிட முடியாது.

வரிசை மட்டுமே தவறாகிப் போன எடுத்துக்காட்டும் உண்டு. 2020 மே மாதம் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை கொரோனா தொற்று குறித்து ஒரு பட்டை விளக்கப்படம் வெளியிட்டது. பட்டைகள் இடமிருந்து வலமாக அழகாக இறங்கின. கிடை அச்சைக் கூர்ந்து பார்த்தவர்கள்தான், தேதிகள் நாள்காட்டி வரிசையில் இல்லாமல், தொற்று எண்ணிக்கையின் இறங்குவரிசையில் அடுக்கப்பட்டிருப்பதைக் கண்டனர். மே மாதத் தேதி ஒன்றைத் தாண்டி ஏப்ரல் தேதி நின்றது. எண்கள் எல்லாம் சரி. ஆனால் நோய் குறைந்து வருகிறது என்ற தோற்றம் பொய். எதிர்ப்பு எழுந்ததும் மன்னிப்புக் கேட்கப்பட்டு, படம் மாற்றப்பட்டது.

கண் எதை நன்றாக அளக்கிறது

1984-இல் அமெரிக்கப் புள்ளியியலாளர்கள் வில்லியம் கிளீவ்லேண்டும் ராபர்ட் மெக்கில்லும் மனிதர்கள் படங்களிலிருந்து அளவுகளை எவ்வளவு சரியாக வாசிக்கின்றனர் என்று சோதித்து ஒரு தரவரிசை தந்தனர். ஒரே அளவுகோலில் உள்ள இடங்களை ஒப்பிடுவதில் பிழை மிகக் குறைவு. அடுத்து நீளம், பிறகு கோணம், பிறகு பரப்பு. நிறத்தின் அடர்த்தி கடைசிப் பக்கத்தில் வருகிறது. வட்ட விளக்கப்படத்தில் கோணங்களையும் பரப்புகளையும் ஒப்பிட வேண்டியிருப்பதால்தான் அதைப் பட்டையாக மாற்றச் சொல்கிறார்கள்.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டு. ஒரு பள்ளியின் 400 மாணவர்களில் பேருந்தில் வருவோர் 128, மிதிவண்டியில் 116, நடந்து 84, பெற்றோரின் இருசக்கர வண்டியில் 48, வேனில் 24 பேர். இதைக் கணினியில் முப்பரிமாண வட்டமாக வரைந்து ஐந்து நிறம் தீட்டியிருக்கிறார்கள் என்று கொள்வோம். வட்டத்தைச் சாய்த்து வரைவதால் முன்பக்கத் துண்டு அதன் தடிமனோடு சேர்ந்து பெரிதாகத் தெரியும். மிதிவண்டித் துண்டு முன்னால் விழுந்தால் பேருந்தைவிடப் பெரியது போலவே இருக்கும். எந்த நிறம் எது என்று அறிய ஓரத்துக் குறிவிளக்கத்துக்கும் வட்டத்துக்கும் ஐந்து முறை கண் போய்வர வேண்டும்.

இதைக் கிடைமட்டப் பட்டைகளாக மாற்றி, பெரியதை மேலே வைத்து வரிசைப்படுத்தி, பெயரைப் பட்டையின் இடப்புறமும் எண்ணை அதன் முனையிலும் எழுதினால் குறிவிளக்கமே தேவையில்லை. ஐந்து நிறங்களும் வேண்டாம். இனிதான் முதலில் சொன்ன கேள்வி வருகிறது. பேருந்து நேரத்தை மாற்றக் கோரும் மனுவில் இப்படம் சேரப் போகிறது என்றால், பேருந்துப் பட்டையை மட்டும் அடர்நிறமாக்கி மற்றவற்றைச் சாம்பல் ஆக்கலாம். தலைப்பு 'ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மாணவர் பேருந்தில் வருகின்றனர்' என்று இருக்கலாம். சாலையோரம் நடைபாதையும் மிதிவண்டிப் பாதையும் கேட்கும் மனு என்றால், மிதிவண்டியையும் நடையையும் அடர்நிறமாக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து 200, சரியாகப் பாதி. ஒரே தரவு, இரு நேர்மையான படங்கள். 'மாணவர் போக்குவரத்து விவரம்' என்ற தலைப்பு இரண்டுக்கும் உதவாது.

பட்டை விளக்கப்படத்தின் அச்சு 0-இல் தொடங்க வேண்டும் என்பதில் சலுகை இல்லை. 50, 52 என்ற இரண்டு எண்களை 48-இல் தொடங்கும் அச்சில் வரைந்தால், இரண்டாவது பட்டை முதலாவதைப் போல் 2 மடங்கு உயரமாக நிற்கும். உண்மையான வேறுபாடு 4 விழுக்காடு. பட்டையில் நீளமே செய்தி என்பதால் இந்தக் கட்டாயம். கோட்டுப்படத்தில் சரிவுதான் செய்தி. உடல் வெப்பநிலையை 0-இலிருந்து வரைந்தால் காய்ச்சலே தெரியாது.

நிறம்

ஊதாவில் தொடங்கி நீலம், பச்சை, மஞ்சள் வழியாகச் சிவப்பில் முடியும் வானவில் நிறவரிசை அறிவியல் படங்களில் நெடுங்காலம் ஆட்சி செய்தது. வெப்பநிலை நிலப்படம், மருத்துவப் படம், கடல் ஆழம் என எங்கும் அதுதான். இதில் மூன்று குறைகள் உள்ளன. மஞ்சளும் பச்சையும் எது பெரிது என்று கண்ணுக்கு இயல்பாகத் தெரியாது. சிறுவயதில் யாரும் அவற்றை அப்படிக் கற்பதில்லை. இரண்டாவது, மஞ்சள் மிகப் பளிச்சென்று இருப்பதால், தரவில் இல்லாத எல்லைக்கோடு ஒன்று அங்கே தோன்றும். பச்சைப் பகுதிக்குள் நடக்கும் மாற்றங்களோ மறைந்து போகும். மூன்றாவது, நகல் எடுத்தால் நீலமும் சிவப்பும் ஒரே மாதிரிச் சாம்பலாகிவிடும்.

இக்குறை உயிரைத் தொடும் இடமும் உண்டு. இதயத் தமனிகளின் உட்சுவரில் இரத்த ஓட்டம் உரசி உண்டாக்கும் தகைவு எங்கே குறைவாக இருக்கிறதோ, அங்கே கொழுப்பு படியும் வாய்ப்பு அதிகம். அந்த இடங்களைக் கண்டறிய, தமனிகளை முப்பரிமாணத்தில் வானவில் நிறங்களோடு காட்டுவது வழக்கம். ஹார்வர்டில் மிஷெல் போர்கினும் அவர் குழுவினரும் இதை மறுவடிவமைத்து, 2011-இல் முடிவுகளை வெளியிட்டனர். தமனியை நீளவாக்கில் வெட்டி விரித்தது போல் தட்டையாக்கி, கிளைகள் பிரியும் முறை மாறாமல் மரம் போல் வரைந்தனர். நிறத்தைச் சிவப்பு முதல் கருப்பு வரையிலான ஒன்றாக மாற்றினர். மருத்துவ மாணவர்களிடம் சோதித்தபோது, முப்பரிமாண வானவில் படத்தில் ஆபத்தான இடங்களில் 39 விழுக்காட்டையே அவர்களால் கண்டுபிடிக்க முடிந்தது. தட்டையாக்கியதால் மட்டும் இது 62 ஆனது. முப்பரிமாணத்தையே வைத்துக்கொண்டு நிறத்தை மட்டும் மாற்றினால் 71. இரண்டையும் மாற்றியபோது 91. பழைய படத்திலும் அதே தரவுதான் இருந்தது. பார்த்தவர்கள் பத்தில் ஆறு இடங்களைத் தவறவிட்டனர்.

இத்தகைய ஆய்வுகளுக்குப் பின் மென்பொருள்களும் மாறின. மேட்லேப் 2014-இலும், பைத்தானின் மேட்பிளாட்லிப் 2017 தொடக்கத்தில் வந்த 2.0 பதிப்பிலும் வானவில்லை இயல்பு அமைப்பிலிருந்து நீக்கின. மேட்பிளாட்லிப் ஏற்ற 'விரிடிஸ்' நிறவரிசை, இருண்ட ஊதாவில் தொடங்கிப் பளிச்சென்ற மஞ்சளில் முடிகிறது. இடையில் எங்கும் பின்வாங்காமல் வெளிச்சம் சீராக ஏறுவதால், நிறம் தெரியாதவரும் வெளிச்சத்தை வைத்தே அளவை அறியலாம்.

சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத குறைபாடு எக்ஸ் குரோமோசோம் வழியாகப் பரம்பரையில் வருவதால் ஆண்களிடம் மிகுதி. வட ஐரோப்பிய வம்சாவளியில் ஆண்களில் சுமார் 8 விழுக்காட்டினருக்கும், பெண்களில் சுமார் 0.5 விழுக்காட்டினருக்கும் ஏதோவொரு அளவில் இது உண்டு. நான் பணியாற்றிய வகுப்பறையில் பச்சை வண்ணம் பூசிய பலகையில் முக்கியமானவற்றைச் சிவப்புச் சாக்கட்டியால்தான் எழுதுவேன். அந்த வரிகளை மட்டும் விட்டுவிட்டு எழுதிய ஒரு மாணவனைக் கவனமில்லாதவன் என்று ஒரு பருவம் முழுவதும் கடிந்துகொண்டேன். அவனுக்கு அவை பலகையோடு கலந்து போயிருந்தன என்று அறிந்தது பிறகுதான். அவனும் சொல்லவில்லை, தனக்கு மட்டும் தெரியவில்லை என்பது அவனுக்கே தெரியாது.

'தேர்ச்சி பச்சை, தோல்வி சிவப்பு' என்று பிரிப்பதற்குப் பதில் நீலமும் ஆரஞ்சும் பயன்படுத்தலாம். ஜப்பானைச் சேர்ந்த மசதாகா ஓகாபே, கெய் இட்டோ ஆகியோர் பரிந்துரைத்த 8 நிறத் தொகுதி பலராலும் பயன்படுத்தப்படுகிறது. எனினும் நிறத்தை மட்டும் நம்பாதிருப்பதே பாதுகாப்பு. கோடுகளில் ஒன்றை முழுக்கோடாகவும் மற்றொன்றைப் புள்ளிக்கோடாகவும் வரைந்து, ஒவ்வொன்றின் முனையிலும் பெயரை எழுதிவிட்டால் நிறம் போனாலும் படம் நிற்கும். இணைய அணுகுதன்மைக்கான டபிள்யூசிஏஜி 2.1 நெறிமுறைகள் (2018) இதையே கேட்கின்றன. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிர்வு வேறுபாடு குறைந்தது 4.5:1, பட்டை, கோடு போன்ற வரைவுகளுக்கு 3:1 இருக்க வேண்டும் என்றும் அவை வரையறுக்கின்றன. வெள்ளையில் கருப்பு 21:1. வெள்ளையில் தூய மஞ்சள் ஏறத்தாழ 1.07:1, அதாவது இல்லாததற்குச் சமம்.

படத்தைப் பார்க்க இயலாதோர்

பார்வையற்றோர் கணினியையும் கைபேசியையும் திரைப்படிப்பான் என்னும் மென்பொருள் துணையுடன் பயன்படுத்துகின்றனர். ஆஸ்திரேலியாவில் 2006-இல் தொடங்கப்பட்ட என்விடிஏ அவற்றுள் இலவசமானது, தமிழையும் வாசிக்கும். படம் வந்தால் அத்துடன் இணைத்த மாற்று உரையைத்தான் அது படிக்கும். மாற்று உரை இல்லையென்றால் 'படம்' என்றோ கோப்பின் பெயரையோ சொல்லிவிட்டு நகர்ந்துவிடும்.

'பட்டை விளக்கப்படம்' என்று மட்டும் மாற்று உரை எழுதுவது, விருந்துக்கு அழைத்து இலையை மட்டும் போடுவது போன்றது. மேற்கண்ட பள்ளிப் படத்துக்கு இப்படி எழுதலாம்: '400 மாணவர் பள்ளிக்கு வரும் முறை, பட்டை விளக்கப்படம். பாதிப் பேர் நடந்தோ மிதிவண்டியிலோ வருகின்றனர். பேருந்து 128, மிதிவண்டி 116, நடை 84, இருசக்கர வண்டி 48, வேன் 24.' ஐந்து எண்கள் என்பதால் இது போதும். ஐம்பது எண்கள் இருந்தால், மாற்று உரையில் போக்கை மட்டும் சொல்லி, எண்களைப் படத்தின் கீழே உண்மையான அட்டவணையாகத் தர வேண்டும். அட்டவணையையும் படமாக எடுத்து ஒட்டும் பழக்கம் இருக்கிறதே, அது கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்வது. கோடுகளைத் தாளில் மேடாக எழுப்பி விரலால் தடவி அறியச் செய்யும் தொடுபடங்களும் உள்ளன. அவற்றில் பிரெயில் எழுத்துக்கு இடம் வேண்டியிருப்பதால் விவரங்களைக் குறைத்தே வரைய முடியும்.

தமிழில் வரையும்போது

விளக்கப்பட மென்பொருள்கள் பெரும்பாலும் ஆங்கிலச் சொற்களின் நீளத்தை மனத்தில் கொண்டு அமைக்கப்பட்டவை. 'திருவண்ணாமலை', 'இராமநாதபுரம்' போன்ற பெயர்களைப் பட்டைகளின் அடியில் இட்டால், இடமில்லாமல் மென்பொருள் அவற்றைச் சாய்க்கும் அல்லது செங்குத்தாக்கும். மேலும் கீழும் குறியீடுகள் சேரும் தமிழ் எழுத்தைத் தலையைச் சாய்த்துப் படிப்பது சிரமம். கிடைமட்டப் பட்டைகளே தமிழுக்கு இயல்பாகப் பொருந்துகின்றன. வரிகளுக்கு இடைவெளியும் சற்றுக் கூடுதலாக வேண்டும். இல்லையெனில் மேல்வரியின் கொக்கியும் கீழ்வரியின் புள்ளியும் முட்டிக்கொள்ளும். எண்களில் 1,200,000 என்று மென்பொருள் தந்தால் 12 இலட்சம் என மாற்றிவிடுவது நல்லது. வலைப்பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறிக்காவிட்டால், திரைப்படிப்பான் ஆங்கிலக் குரலில் தமிழைப் படிக்க முயன்று தோற்கும்.

சோதித்தல்

வரைந்தவர் தம் படத்தில் குறை காண்பது அரிது, விடை அவருக்கு முன்பே தெரியும் என்பதால். படத்தைக் கருப்பு வெள்ளையில் அச்சிட்டுப் பார்ப்பது எளிய முதற்சோதனை. கைபேசித் திரையளவுக்குச் சுருக்கிப் பார்ப்பது இரண்டாவது. நிறக்குறைபாடு உடையவருக்கு எப்படித் தெரியும் என்று காட்டும் பாவிப்பு வசதி குரோம் போன்ற உலாவிகளில் உருவாக்குநர் கருவிகளுக்குள் இருக்கிறது. இவற்றுக்குப் பிறகு, அத்துறை அறியாத ஒருவரிடம் படத்தைச் சில நொடிகள் காட்டி மறைத்துவிட்டு, 'என்ன தெரிந்தது?' என்று கேட்க வேண்டும். 'நன்றாக இருக்கிறதா?' என்று கேட்டால் மரியாதைக்கு ஆம் என்பார்கள். அந்த விடையால் பயனில்லை. பேருந்தில் வருவோர் பற்றிய படத்தைப் பார்த்துவிட்டு அவர் நிறங்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால், படத்தை மீண்டும் வரைய வேண்டியிருக்கும்.